ஏமாந்தவன் கதைக்குக் காசு யாருக்கு?

ஏமாற்றுவதும் ஏமாறுவதும் உலகத்துக்குப் புதியன அல்ல. சந்தையிலே படிக்கல்லைக் குறைத்து நிறுத்தவனும், பாலிலே நீரைக் கலந்தவனும், இல்லாத காணிக்கு உறுதி முடித்துக் கொடுத்தவனும் எக்காலத்திலும் இருந்தே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்றே சட்டப் புத்தகங்களிற் பிரிவுகளும் நீதிமன்றங்களிற் கூண்டுகளும் ஏற்பட்டன. ஆயினும், இன்றைய மோசடிக்கு முன்னொருபோதும் இல்லாத ஒரு மறுவாழ்வு வாய்த்திருக்கிறது. களவு நடக்கிறது, கள்வன் பிடிபடுகிறான், விடயம் அத்தோடு முடிந்து விடுவதில்லை. கமராவுங் கையுமாகச் சிலர் வந்து சேருகிறார்கள். களவு கதையாகிறது; கதை விவரணப் படமாகிறது; படம் நாடு நாடாக விலைபோகிறது.

இணையத்திலே பணம் கட்டியவனுக்குப் பொருளைக் கொடாமல் ஏய்க்கும் மோசடி, இத்தகைய படங்களுக்கு நல்ல மூலப்பொருளாகிவிட்டது. இப்படங்களை எடுக்கக் கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. எடுக்கத்தான் வேண்டும். ஆனால், இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. படத்தின் நடுவிலே நிற்பவன் யார்? ஏமாற்றியவனா, ஏமாந்தவனா? படத்தால் வரும் பணம் போய்ச் சேருவது யார் மடிக்கு? இவ்விரண்டுக்கும் நேர்மையான விடை சொல்ல இயலாத படம், ஏமாந்தவனை இரண்டாம் முறையும் ஏமாற்றுகிறது என்பதே நமது துணிபு.

இதனை வெறும் தத்துவமாகப் பேசுவதிற் பயனில்லை. உலகறிந்த ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம்.

தீவில் நடந்த திருவிழா

2016ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பில்லி மக்ஃபார்லண்ட் என்ற அமெரிக்கர், ‘ஃபயர் விழா’ என்ற இசைவிழாவுக்கு இணையத்திலே நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்கினார். பஹாமாஸ் நாட்டின் தீவொன்றில், நீலக்கடலோரத்தில், சொகுசு மாளிகைகளில் தங்கிப் பேர்பெற்ற சமையற்காரர் ஆக்கிய உணவை உண்டு, பேர்பெற்ற பாடகர்களைக் கேட்கலாம் என்பது விளம்பரம். உலகப் புகழ் பெற்ற விளம்பர அழகிகள் கடற்கரையில் ஓடி விளையாடும் காட்சிகளைப் படமாக்கிப் பரப்பினார்கள். அவ்வழகிகளும் அவர்போன்ற பிரபலங்களும் ஒரே நாளில் ஒரே செம்மஞ்சள் நிறச் சதுரத்தைத் தத்தம் பக்கங்களில் இட்டார்கள். அவ்வளவே! சீட்டுகள் பறந்தன.

விற்கப்பட்ட பொருளோ உலகில் எங்கும் இருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி கிரேட் எக்ஸுமாத் தீவில் வந்திறங்கியவர்கள் கண்டது, புயலில் வீடிழந்தோருக்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்த கூடாரங்களையும், மழையில் ஊறிய மெத்தைகளையுமே. பேர்பெற்ற சமையலுக்குப் பதிலாக இரண்டு துண்டுப் பாணும் அதன்மேல் பாற்கட்டித் துண்டுகளும் கிடைத்தன. தீவிலே காசு செல்லாது, கையிற் கட்டும் பட்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் ஏற்றிவையுங்கள் என்று சொல்லி, வருவதற்கு முன்னரே இன்னும் பணம் பெற்றிருந்தார்கள். மறுநாட் காலையில் விழா இல்லையென்று அறிவிக்கப்பட்டது.

2018 மார்ச் மாதத்தில் மக்ஃபார்லண்ட் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போது அவர் பிணையில் இருந்தார். பிணையில் இருந்த அந்தக் காலத்திலேயே வேறொரு பெயரில், பிரபல வைபவங்களுக்கு நுழைவுச் சீட்டு விற்பதாகச் சொல்லி மீண்டும் பணம் பறித்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. முன்பு ஏமாந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளுக்கே இம்முறையும் வலை விரிக்கப்பட்டது. 2018 ஒக்ரோபர் மாதத்தில் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 2 கோடி 60 இலட்சம் டொலரை அவரிடமிருந்து பறிமுதல் செய்யவும் கட்டளை பிறந்தது.

நான்கு நாளில் இரண்டு படங்கள்

தீர்ப்பின் மை காய்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. 2019 ஜனவரி 14ஆம் திகதி ஹுலு நிறுவனம் ஒரு விவரணப் படத்தை வெளியிட்டது. நான்கு நாள் கழித்து, 18ஆம் திகதி, நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் மற்றொன்றை வெளியிட்டது. ஒரே மோசடி, இரண்டு படங்கள், போட்டிக் கடைகள்!

ஹுலு நிறுவனத்தின் படத்திலே மக்ஃபார்லண்ட் தாமே அமர்ந்து செவ்வி கொடுக்கிறார். அதற்காக அவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. கொடுத்த தொகை எவ்வளவென்று அவர்கள் வெளியிடவில்லை, கொடுத்ததை மறுக்கவுமில்லை. ஏமாந்தவர்கள் இழந்த பணத்துக்காகக் கையேந்தி நிற்கையில், ஏமாற்றியவர் தமது ஏமாற்றின் கதையையே விற்றுக் காசு பெற்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். இங்கே வீட்டுக்கு நெருப்பு வைத்தவனே அதனைப் பிடுங்கினான்.

மற்றப் படமாவது மாசற்றதா? நெற்ஃபிளிக்ஸ் படத்தை இயக்கிய கிறிஸ் ஸ்மித், மக்ஃபார்லண்ட் பணம் கேட்டாரென்றும் தாம் மறுத்துவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அது மெச்சத்தக்கது. ஆனால், அந்தப் படத்தின் தயாரிப்பாளருள் ஜெரி மீடியா என்ற நிறுவனமும் ஒன்று. அந்த நிறுவனம் யார்? ஃபயர் விழாவுக்குச் சமூக ஊடகங்களில் விளம்பர வேலை செய்து கொடுத்த நிறுவனமே அது! இல்லாத பொருளை உலகுக்கு அறிமுகஞ் செய்தவர்கள், அதே பொருள் ஏன் இல்லாமற் போயிற்று என்று உலகுக்கு விளக்கவும் வந்தார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை வேறென்ன?

நாம் அந்தப் படங்களைப் பயனற்றவை என்று தள்ளிவிடவில்லை. விளம்பரத்துக்கென்று எடுத்த காட்சிகளே மோசடிக்குச் சாட்சியாக மாறியதை நெற்ஃபிளிக்ஸ் படத்திற் காணலாம். பிணையில் இருந்தபோது அடுத்த மோசடி நடந்த அறையின் உள்ளேயே எடுக்கப்பட்ட காட்சிகளும் அதில் உண்டு. எதிரியின் செவ்வியை விலைகொடுத்து வாங்காமலே உண்மையை நிலைநாட்டலாம் என்பதற்கு அந்தப் படமே சான்று. ‘அவனுக்குக் காசு கொடாவிட்டால் படமே இல்லை’ என்று சாதிப்போருக்கு வேறு விடை வேண்டியதில்லை.

கூலி இழந்தவர்களின் குரல்

இந்த வழக்கில் அதிகமாக நட்டப்பட்டவர் யாரென்பதை ஆழ்ந்து பார்க்க வேண்டும். பெருஞ்செல்வரின் பிள்ளைகள் சீட்டு வாங்கி ஏமாந்ததைக் கண்டு உலகம் சிரித்தது. சிரித்தவர்கள், கூடாரம் அடித்த பஹாமாஸ் கூலித் தொழிலாளரை மறந்தார்கள். இரவும் பகலும் பாடுபட்டவர்கள் கூலி காணாமல் வீடு திரும்பினார்கள். அத்தீவிலே உணவுச்சாலை நடத்திய ஒரு பெண்மணி, விழாவுக்கு வேலை செய்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவர், தம்மிடம் வேலை பார்த்தோருக்குக் கூலி கொடுப்பதற்காகத் தமது சேமிப்பிலிருந்து 50,000 டொலரை இழந்ததாகப் படத்திலே கண்ணீரோடு சொல்லுகிறார்.

அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பறிமுதற் கட்டளையிலிருந்தா? படம் எடுத்த கொம்பனிகளின் இலாபத்திலிருந்தா? இல்லை. படத்தைப் பார்த்து மனம் நொந்த பொதுமக்கள் இணையத்திலே திரட்டிய நன்கொடையே சில நாட்களில் இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டியது. இதிலே படத்தின் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. படம் இல்லாவிட்டால் அந்தப் பெண்மணியை உலகம் அறிந்திராது. அது பெருமை. அவருடைய கண்ணீரால் சிறப்புப் பெற்ற படம், அவருடைய கடனை ஊராரின் தருமத்துக்கு விட்டுவிட்டது. அது சிறுமை. உரிமையாகக் கிடைக்க வேண்டியது தருமமாகக் கிடைத்தால், அதற்கு நீதி என்று பெயரிட முடியுமா?

இன்னும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டில் சிறையிலிருந்து வெளிவந்த மக்ஃபார்லண்ட், 2023ஆம் ஆண்டில் ‘இரண்டாம் ஃபயர் விழா’ என்று அறிவித்து, முதல் நூறு சீட்டுகளைத் தலா 499 டொலருக்கு விற்றார். 2025ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடக்குமென்ற அந்த விழா குறித்த நாளில் நடைபெறவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், ஃபயர் என்ற அந்தப் பெயரே ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலத்துக்கு வந்து 245,300 டொலருக்கு விலைபோயிற்று. இணையத்திற் பொய்ப் பொருள் விற்றதால் உலகறிந்த பெயர், இணையத்திலேயே நல்ல விலைக்கு விற்பனை! நேர்மையான வியாபாரி ஒருவர் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்க்கும் நற்பெயருக்கு இந்த விலை கிடைக்குமா? அந்தக் கெட்ட பெயருக்கு அத்தனை மதிப்பை ஏற்றியதில் இரண்டு படங்களுக்கும் பங்குண்டு என்பதை யார் மறுக்க முடியும்?

சட்டம் எதுவரை செல்லும்?

‘இதற்கொரு சட்டம் போட்டால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நியூ யோர்க் மாநிலத்தில் 1977ஆம் ஆண்டில், கொலைகாரன் ஒருவன் தன் கதையை விற்றுப் பணம் சேர்த்துவிடுவான் என்ற அச்சத்தால், குற்றவாளி தன் குற்றக் கதைக்குப் பெறும் பணத்தைத் தடுத்துவைத்து, பாதிக்கப்பட்டோருக்குக் கொடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. குற்றவாளியின் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செய்வதில் அரசுக்கு நியாயமான அக்கறை உண்டென்பதை அம்மன்று ஏற்றுக்கொண்டது. ஆனால், ஒருவர் எழுதிய பொருளைப் பார்த்து அவர் வருமானத்திலே கைவைக்கும் சட்டம், பேச்சுச் சுதந்திரத்தின் மேல் அளவுக்கு மிஞ்சிப் பாய்கிறதென்று கண்டது.

அத்தீர்ப்பிலே நமக்கொரு பாடம் உண்டு. எதைப் படமாக்கலாம், எதைப் படமாக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசின் கையிற் கொடுக்க நாம் ஒருபோதும் சம்மதியோம். இன்று கள்வனின் வாயைப் பூட்டக் கொடுக்கும் பூட்டு, நாளை குறை சொல்பவனின் வாய்க்கும் பொருந்தும். வாயைப் பூட்ட வேண்டாம், பணப்பையைப் பின்தொடருவோம். ஃபயர் வழக்கிலேயே அதற்கு வழி காட்டப்பட்டது. இரண்டரை இலட்சம் டொலருக்குக் குறையாமல் பெற்று விழாவை விளம்பரஞ் செய்த ஓர் அழகிமீது, வங்குரோத்துச் சொத்தின் பொறுப்பாளர் வழக்குத் தொடுத்தார். 2020ஆம் ஆண்டில் அவர் 90,000 டொலரைச் செலுத்த உடன்பட்டார். பேச்சுக்குத் தடை விழவில்லை. பணத்துக்குக் கணக்குக் கேட்கப்பட்டது. அதுவே நெறி.

நம் வாசலுக்கு வந்த மோசடி

இனி, பஹாமாஸ் தீவை விட்டு நம் தீவைப் பார்ப்போம். இங்கே மாளிகையும் இசைவிழாவும் விற்பனைக்கு வருவதில்லை. கையடக்கத் தொலைபேசியும் சேலையும் சமையற் பாத்திரமும் பாதிவிலை என்ற விளம்பரத்தோடு முகநூலில் வருகின்றன. முற்பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பிய மறுநாள் அந்தப் பக்கமே மறைந்து விடுகிறது. அல்லது, வாசலிற் பணங்கொடுத்து வாங்கிய பொதியைப் பிரித்தால் கேட்டதொன்று, கிடைத்ததொன்று. தபால் திணைக்களத்தின் பெயரிலேயே, ‘உங்கள் பொதி வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று பொய்ச் செய்தி அனுப்பி, வங்கி அட்டையின் இலக்கத்தைப் பறித்தார்கள். திணைக்களமே மக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வஞ்சித்தல் இன்னதென்று வரையறுக்கிறது. வஞ்சித்துப் பொருளைக் கொடுக்கச் செய்தலை 403ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. ஆயினும் மூவாயிரம் ரூபாவை இழந்தவன் வழக்குக்கு வருவானா? பொலிசு நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கும் செலவு இழந்த பணத்தை மிஞ்சிவிடும். ஒருநாட் கூலி போய்விடும். முறைப்பாட்டைத் தன் மொழியில் எழுதிக்கொள்ள ஒருவர் இருப்பாரோ என்ற ஐயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம்! ‘படித்தவன், நீயுமா ஏமாந்தாய்?’ என்று ஊர் கேட்குமே என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. ஏமாற்றுகிறவனுடைய மூலதனம் அந்த வெட்கமே. ஒவ்வொருவனும் தனித்தனியே மௌனமாக இருக்கும் வரைக்கும், ஆயிரம் பேரிடம் பறித்தவனும் ஒவ்வொருவனுக்கும் சிறு கள்வனாகவே தோன்றுவான்.

இங்கேதான் விவரணப் படத்துக்கு வேலை இருக்கிறது. சிதறிக் கிடக்கும் ஆயிரம் சிறு நட்டங்களை ஒரே திரையிற் கூட்டிக் காட்டினால், அஃது ஒரு பெரும் களவென்பதை நாடு காணும். நீதிமன்றம் தன்முன் வந்த வழக்கையே பார்க்கும். கமரா வராதவனிடமும் போகலாம். ஆகையால், கையிலே கமரா ஏந்தியிருக்கும் நம் இளைஞர்கள் இப்பணியில் இறங்க வேண்டுமென்றே நாம் வேண்டுகிறோம். ஆனால், நான்கு விதிகளை அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒன்று: ஏமாற்றியவனுக்கு ஒரு சதமும் கொடுத்தல் ஆகாது. அவன் பேச விரும்பினால் பேசட்டும். விலைக்குப் பேச வேண்டாம்.

இரண்டு: விளம்பரஞ் செய்தவர், பெயரைக் கொடுத்தவர், பொதியைச் சுமந்தவர் எல்லோரையும் விசாரிக்கலாம். அவர்களைத் தயாரிப்பாளராகச் சேர்த்தல் கூடாது. கூண்டிலே நிற்க வேண்டியவர் நீதியாசனத்தில் அமர்தல் முறையன்று.

மூன்று: ஏமாந்தவரோடு அவருக்கு விளங்கும் தமிழில் எழுத்து உடன்படிக்கை செய்தல் வேண்டும். முகத்தை மறைக்கவும், படம் வெளியாகுமுன் விலகிக்கொள்ளவும் அவருக்கு உரிமை வேண்டும். இலாபத்திலே ஒரு பங்கை, பாதிக்கப்பட்டோருக்கென்று ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் இடுதல் வேண்டும்.

இந்த இடத்திலே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘சாட்சிக்குக் காசு கொடுத்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்பது உமது சட்டமே, ஏமாற்றியவனுக்குக் கூடாதது ஏமாந்தவனுக்கு மட்டும் கூடுமோ?’ எனலாம். கூடும், ஆனால், முறையறிந்து கொடுத்தல் வேண்டும். அவர் சொல்வதற்கு விலையாகக் கொடுத்தால் தவறு. படத்திலே தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், அந்த மோசடியால் நட்டப்பட்ட எல்லோருக்கும் ஒரே அளவையில், படம் முடிந்தபின் பங்கிட்டால், அது சாட்சிக் கூலியாகாது, நட்டஈடாகும். சொல்லுக்குக் காசு என்பது வேறு. இழப்புக்கு ஈடு என்பது வேறு.

நான்கு: மோசடி எப்படி நடந்ததென்ற பொறிமுறையைக் காட்டல் வேண்டும். பொய்ப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, பணம் யார் கணக்கிற் புகுந்து எவ்வழியே வெளியேறியது என்பதை விளக்காத படம் வெறும் பொழுதுபோக்கு. பலவேளை அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரன், நூறு இருநூறு ரூபாவுக்குத் தன் கணக்கை இரவல் கொடுத்த மற்றோர் ஏழையாக இருப்பான். அவனையே பெருங்கள்வனென்று காட்டிவிட்டு உண்மைக் கள்வனைத் தப்பவிடுதல் பெரும்பிழை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியெனக் கொள்ளப்படுவர் என்று நம் நாட்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆதலால், கிடைத்த ஆதாரத்தை முதலிற் சட்டத்தின் கையில் ஒப்படையுங்கள், அதன்பின் திரையிடுங்கள்.

‘பணம் போட்டவன் நான், இலாபத்தை நான் ஏன் பகிர வேண்டும்?’ என்று தயாரிப்பாளர் கேட்கலாம். போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளட்டும்; உழைப்புக்குரிய ஊதியத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் வருவது எதனால் வந்தது? அடுத்தவனுடைய இழப்பினால் வந்தது. நெல்லை விதைத்தவனுக்குப் பங்கில்லாமல், களத்தைக் கூட்டியவன் முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதை நம் ஊர் எந்தக் காலத்திலும் நியாயமென்று ஏற்றதில்லை.

ஏமாந்தவனுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. வெட்கப்பட வேண்டியவன் நீ அல்லன். நம்பியது குற்றமன்று, நம்பிக்கையை விற்றதே குற்றம். அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டையும், வந்த செய்தியையும், மறைந்துபோன பக்கத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள். முறைப்பாடு செய். கமராவோடு வருபவன் உன் கதையைக் கேட்டால், அதனால் வரும் பணத்துக்குக் கணக்கென்ன என்று முதலில் அவனைக் கேள். அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்பவனுக்கு உன் வாசற் கதவைத் திற, சொல்லாதவனுக்குத் திறவாதே!